எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றுபோன பொருள்களை மீட்பது எப்படி?

அம்மணி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் வேலை பார்த்தபோது ஒருவருடன் மூன்று வருடம் கொழிஞ்சாம்பாறையில் வாடகை வீட்டில் சேர்ந்து வாழ்ந்திருக்கிறீர்கள். திருமணம் ஆகவில்லை. நாலு மாதத்துக்கு முன் ஒரு ராத்திரி கட்டிய துணியோடு கிளம்பிப் பொள்ளாச்சிக்கு, அம்மா வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். டிகிரி சான்றிதழ்கள், பாஸ்போர்ட், அம்மா போட்ட நாலு பவுன் செயின், தையல் மெஷின், உங்கள் பெயரில் உள்ள டி.என்.41 ஸ்கூட்டர் எல்லாம் அங்கேயே நிற்கின்றன. கேட்டால் "நேர்ல வா, பேசிட்டு எடுத்துக்கோ" என்கிறார். அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டை உடைத்து எடுத்துவரலாமா, கேரளா என்பதால் நம்மூர் போலீசும் கோர்ட்டும் கைவிரித்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொள்ளாச்சி கோர்ட்டிலும் பாலக்காட்டுச் சித்தூர் கோர்ட்டிலும் பல வருடங்களாக வழக்காடுகிறேன். இந்தக் கேள்வியோடு வருகிற பெண்கள் எனக்குப் புதிதில்லை. முதலில் இரண்டு கேள்விக்கும் நேர் பதில்: பூட்டை உடைக்காதீர்கள். கேரளா ஒரு தடையே இல்லை. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் உங்கள் கை எட்டாது என்று அவர் நம்புகிறார். நீங்களும் அதை நம்புகிறவரைக்கும்தான் அது அவருக்குப் பலம்.

பூட்டு விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். "என் பொருளை நான் எடுத்தால் எப்படித் தப்பாகும்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். திருட்டைப் பற்றிய சட்டப் பிரிவிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 378-ஆம் பிரிவில் இருந்தது, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 303-ஆம் பிரிவில் வருகிறது. ஒருவர் தன் கடிகாரத்தைச் சரிபார்க்கக் கடைக்காரரிடம் கொடுக்கிறார். கடைக்காரருக்குக் கடன் பாக்கி எதுவும் இல்லை. பிறகு எல்லோரும் பார்க்கக் கடைக்குள் போய்க் கடைக்காரர் கையிலிருந்து கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறார். இது திருட்டாகாது, ஏனென்றால் அதில் கபட எண்ணம் இல்லை. ஆனால் அத்துமீறி நுழைந்ததும் கைகலப்பும் குற்றமாகலாம் என்று அந்த உதாரணமே சொல்கிறது. உங்கள் கதையில் அந்தக் குற்றம் உங்கள் அண்ணன் தலையில் விழும். ஒரு பெண்ணின் இரண்டு தம்பிகள் இப்படிப் போய்க் கதவை நெம்பி ஒரு பீரோவை ஏற்றி வந்தார்கள். பீரோ வீட்டுக்கு வந்தது. தம்பிகள் இருவரும் ஒன்றரை வருடம் வாய்தா வாய்தாவாகச் சித்தூருக்கு நடந்தார்கள். கடைசியில் சமரசம் பேசும்போது அந்தப் பெண் தன் நகையை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

தனியாகவும் போகாதீர்கள். "நேர்ல வா" என்பவருக்குப் பெரும்பாலும் பொருளைக் கொடுக்கிற எண்ணம் இருக்காது. உங்களை உட்காரவைத்து மறுபடியும் பேசுவதற்கு அந்தப் பொருள்தான் அவரிடம் இருக்கிற ஒரே பிடி. அப்படித் தனியாகப் போன ஒருத்தி, "எல்லாம் வாங்கிக்கொண்டேன், பாக்கி எதுவும் இல்லை" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, இரண்டு சுடிதாரோடு திரும்பி வந்தாள். அந்தக் கையெழுத்திலிருந்து அவளை மீட்க எனக்கு நகையை மீட்பதைவிட அதிக நாள் பிடித்தது.

இனி செய்ய வேண்டியது. இன்றைக்கே ஒரு நோட்டில் பட்டியல் எழுதுங்கள். மனதில் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். நாலு மாதத்தில் பாதி மறந்துபோகும், கோபம் மட்டும்தான் மிஞ்சும். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அது எப்படி உங்களுடையது, வீட்டில் எந்த இடத்தில் இருந்தது, அதற்கு என்ன அத்தாட்சி என்று எழுதுங்கள். தையல் மெஷினுக்குக் கடை பில் இல்லாவிட்டால் ஜிபேயில் பணம் போன வரி போதும். செயினுக்கு நகைக்கடை பில், எடை, பவுன் கணக்கு, நீங்கள் அதைப் போட்டிருக்கும் ஃபோட்டோ, வாங்கும்போது உடன் இருந்த அம்மாவின் சாட்சி. அண்மையில் வாங்கிய ஹால்மார்க் நகை என்றால் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி (ஹெச்.யு.ஐ.டி.) அதில் பொறித்திருக்கும். பில்லிலோ பழைய ஃபோட்டோவிலோ அது தெரிந்தால் "இது வேறு செயின்" என்று யாரும் சொல்ல முடியாது.

எழுதும்போதே பொருள்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். சேர்ந்து வாழ்வதற்கு முன்பே உங்களிடம் இருந்தது, உங்கள் பணத்தில் வாங்கியது, உங்கள் வீட்டார் கொடுத்தது எல்லாம் உங்களுடையவை. அவர் உங்களுக்குப் பரிசாகக் கையில் கொடுத்ததும் உங்களுடையதே. அதேபோல் நீங்கள் அவருக்குப் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த வாட்ச் அவருடையது. கொடுத்து முடித்த பரிசை உறவு முறிந்ததால் திருப்பிக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை, அதைப் பட்டியலில் சேர்த்தால் மற்றவற்றின் நம்பகமும் கெடும். இருவரும் பாதிப் பாதி போட்டு வாங்கிய ஃபிரிட்ஜ், கட்டில் போன்றவற்றுக்கு என் யோசனை, விட்டுவிடுங்கள். பாதி ஃபிரிட்ஜுக்காக உங்கள் நாலு பவுன் காத்துக்கிடக்கக் கூடாது. வீட்டு அட்வான்ஸ் உங்கள் கணக்கிலிருந்து போயிருந்தால் வீட்டு உரிமையாளருக்கு இப்போதே ஒரு மெசேஜ் அனுப்பி வையுங்கள். காலி செய்யும்போது அவர் முழுத்தொகையையும் வாங்கிக்கொண்டு போய்விட்டால் பிறகு அதற்குத் தனியாக அலைய வேண்டும்.

பட்டியல் முடிந்ததும் அவரிடம் எழுத்தில் கேளுங்கள். ஃபோனில் கேட்டது கணக்கில் சேராது. வாட்ஸப்பில், திட்டு ஒரு வார்த்தைகூட இல்லாமல், "இந்தப் பொருள்கள் என்னுடையவை, உங்கள் பொறுப்பில் இருக்கின்றன, இந்தத் தேதிக்குள் இன்னார் வந்து வாங்கிக்கொள்வார், எது உங்களுக்கு வசதி என்று சொல்லுங்கள்" என்று அனுப்புங்கள். அவர் "தரமாட்டேன், என்ன பண்ணுவ பண்ணிக்கோ" என்று பதில் போட்டால் நல்லதாகப் போயிற்று, பொருள் தன்னிடம் இருப்பதை அவரே ஒப்புக்கொண்டார். அந்த உரையாடலை அழிக்காதீர்கள், அந்த ஃபோனை மாற்றாதீர்கள், எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்று கொடுக்க வேண்டும். மூல ஃபோன் கையில் இருந்தால் அது சுலபம், ஸ்கிரீன்ஷாட் மட்டும் என்றால் இழுபறிதான்.

பத்து நாளில் பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ், ஸ்பீடு போஸ்டில், கொழிஞ்சாம்பாறை விலாசத்துக்கும் அவர் சொந்த வீட்டு விலாசத்துக்கும். தபால்காரர் "வாங்க மறுத்தார்" என்று எழுதிக் கவரைத் திருப்பி அனுப்பினால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள், அது கோர்ட்டில் நோட்டீஸ் சேர்ந்ததற்குச் சமமாகப் பேசும். நோட்டீஸுக்கு இன்னொரு பலனும் உண்டு. ஒருவரிடம் ஒப்படைத்த பொருளைத் திரும்பப் பெற வழக்குப்போட, 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் மூன்று வருடம் தருகிறது. அந்த மூன்று வருடம் நீங்கள் கேட்டு அவர் மறுத்த தேதியிலிருந்து ஓடும். கேட்டதும் மறுத்ததும் தாளில் இருந்தால் தேதியைப் பற்றித் தகராறு இல்லை. அதற்காக இரண்டரை வருடம் காத்திருக்க வேண்டாம். செயின் அதற்குள் உருகிவிடும்.

பெரும்பாலான விஷயங்கள் நோட்டீஸோடு முடிந்துவிடுகின்றன. பொருளை வைத்துக்கொள்பவர்களில் பலருக்குத் தேவைப்படுவது உங்கள் குரல். வக்கீல் குரல் வந்ததும் அந்தச் சுவை போய்விடும். ஆனால் முடியாவிட்டால் உங்களுக்கு உள்ள நல்ல வழி, பலர் நினைக்கிற போலீஸ் ஸ்டேஷன் அல்ல, 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். "எனக்குத்தான் கல்யாணமே ஆகலையே" என்பீர்கள். அந்தச் சட்டம் "திருமணத்தின் இயல்புடைய உறவு" என்று தனியாகச் சொல்லி, சேர்ந்து வாழ்ந்த பெண்ணையும் உள்ளே கொண்டுவருகிறது. அதன் அளவு என்ன என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது, நம்ம கோயம்புத்தூர்க் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு வழக்கில்தான். ஊரார் முன் கணவன் மனைவி போல் நடந்திருக்க வேண்டும், இருவரும் திருமண வயதும் திருமணம் செய்துகொள்ளத் தகுதியும் உடையவர்களாக இருக்க வேண்டும், கணிசமான காலம் விரும்பிச் சேர்ந்து ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். சனி ஞாயிறு மட்டும் சேர்ந்திருந்தது போதாது என்றும் சொன்னது. மூன்று வருடம், ஒரே வீடு, வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயர் என்றால் உங்களுக்கு அடித்தளம் இருக்கிறது. கேஸ் சிலிண்டர் புக்கிங், பக்கத்து வீட்டுக்காரர், ஆதாரில் மாற்றிய விலாசம் எல்லாம் சாட்சி. அவருக்கு ஏற்கெனவே திருமணமாகி அது முறியாமல் இருந்தால் மட்டும் இந்த வழி சிக்கலாகும், அதை வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின் எட்டாம் உட்பிரிவு உங்களுக்கென்றே எழுதியதுபோல் இருக்கும்: பெண்ணின் சீதனத்தையோ அவளுக்கு உரிமையுள்ள வேறு சொத்து, மதிப்புள்ள ஆவணம் எதையுமோ அவளிடம் திருப்பிக் கொடுக்க நடுவர் (மாஜிஸ்திரேட்) உத்தரவிடலாம். சான்றிதழும் பாஸ்போர்ட்டும் செயினும் தையல் மெஷினும் ஒரே மனுவில் வரும். 27-ஆம் பிரிவு எல்லைப் பயத்தைத் தீர்க்கிறது. நீங்கள் இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம், பொள்ளாச்சி நடுவர் நீதிமன்றம் போதும். உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும், கொழிஞ்சாம்பாறை உட்பட. 18-ஆம் பிரிவில், அந்தப் பொருள்களை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்று இடைக்காலத் தடையும் கேளுங்கள். அந்தப் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை சிறை. மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேலாகும், ஆனால் பல வழக்குகளில் சம்மன் போன கையோடு பொருள் வந்துவிடும். மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், அவர் வழியாகவே மனுப் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 15100-க்கு அழைத்தால் வட்ட சட்டப் பணிகள் குழுவோடு இணைப்பார்கள். இது தயவு கேட்பது அல்ல, 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை.

(இதைப் படிக்கிற ஆண்களுக்கு: உங்கள் பொருளை ஒரு பெண் வைத்திருந்தால் பட்டியல், நோட்டீஸ், சிவில் வழக்கு, போலீஸ் புகார் எல்லாம் உங்களுக்கும் உண்டு. குடும்ப வன்முறைச் சட்டம் மட்டும் பெண்களுக்கானது.)

போலீஸ் பக்கம் போனால் முதலில் காதில் விழுவது "இது சிவில் மேட்டர்". பாதி உண்மைதான். ஒப்படைத்த பொருளைத் தன் பயனுக்கு எடுத்துக்கொண்டு தர மறுப்பது நம்பிக்கை மோசடி, பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவு, ஐந்து வருடம் வரை தண்டனை. செயினை அவர் விற்றுவிட்டார், அடகு வைத்துவிட்டார் என்றால் இது நிச்சயம் குற்றப் புகார். பொருள் வீட்டில் சும்மா கிடக்கிறது, தர மறுக்கிறார் என்பது மட்டும் என்றால் போலீஸ் தயங்கும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவின்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். பொள்ளாச்சி மகளிர் ஸ்டேஷனில் கொடுத்தால் அவர்கள் பதிவு செய்து கொழிஞ்சாம்பாறைக்கு மாற்ற வேண்டும். இந்த மாதிரி தண்டனை அளவுள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளில் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது, ஆகவே உடனே எஃப்.ஐ.ஆர். வராவிட்டால் பதறாதீர்கள். ஆனால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் ஸ்டேஷனை விட்டு வெளியே வராதீர்கள். வாங்கவே மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில், அதற்கும் அசைவில்லை என்றால் நடுவரிடம்.

ஒரு விஷயத்தை மனம் விட்டுச் சொல்கிறேன். புகாருக்குக் கனம் சேர்க்க, நடக்காத ஒன்றைச் சேர்க்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். அடித்திருந்தால், மிரட்டியிருந்தால், ஃபோட்டோவைப் பரப்புவேன் என்றிருந்தால் அவை தனிக் குற்றங்கள், தனியாக, முழுதாகச் சொல்லுங்கள். நடக்காததைச் சேர்த்தால் நடந்ததையும் யாரும் நம்பமாட்டார்கள்.

அவர் செயினை அடகு வைத்திருப்பார் என்று சந்தேகம் இருந்தால் தாமதிக்காதீர்கள். அந்தப் பக்கத்தில் அடகை "பணயம்" என்பார்கள். எந்தக் கடை, எந்தக் கம்பெனி என்று தெரிந்தால் அங்கே எழுத்தில் தெரிவியுங்கள்: இந்த எடையுள்ள இந்த நகை என்னுடையது, என் சம்மதமின்றி வைக்கப்பட்டது, ஏலம் விடாதீர்கள். பில் நகலையும் புகார் ரசீதையும் சேர்த்துக் கொடுங்கள். கடையிலிருந்து உடனே நகை வராது, ஆனால் ஏலத்துக்குப் போவது நிற்கும், யார் பெயரில் எந்தத் தேதியில் வைத்தது என்ற பதிவும் காப்பாற்றப்படும். பில் இல்லையே என்று தளராதீர்கள். 2024 ஏப்ரலில் ஒரு கேரளத் தம்பதியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 89 பவுனுக்காக மனைவிக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. திருமணமான இரவே பத்திரமாக வைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டார்கள் என்பது அவர் வாதம். நம்பிக் கொடுத்த இடத்தில் ரசீது கேட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது, எது நடந்திருக்க அதிக வாய்ப்போ அதைப் பார்த்தால் போதும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அது மணமானவர்கள் வழக்கு, அப்படியே உங்களுக்குப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாட்சியத்தை எடைபோடும் முறை ஒன்றுதான்.

ஸ்கூட்டரைப் பற்றி நீங்கள் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் முதல் கவலை. ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கும்வரை அதை யார் ஓட்டி யாரை இடித்தாலும் வழக்கில் உங்கள் பெயரும் வரும். இன்சூரன்ஸ் காலாவதியானால் நஷ்டஈடு உங்கள் தலையில். நோட்டீஸில் ஸ்கூட்டரை எண்ணோடு குறிப்பிட்டு, இந்தத் தேதிக்குப் பிறகு அதை ஓட்ட உங்களுக்கு என் அனுமதி இல்லை என்று எழுதுங்கள். கேரளத்தில் 2023 ஜூன் முதல் சாலைக் கேமராக்கள் அபராதம் போடுகின்றன. ஹெல்மெட் இல்லாமல் அவர் போனால் சலான் உங்கள் ஃபோனுக்குத்தான் வரும். அதைப் பார்த்து எரிச்சலில் அழித்துவிடாதீர்கள். தேதி, இடம், ஓட்டியவரின் படம் மூன்றும் அதில் இருக்கும். "ஸ்கூட்டர் என்னிடம் இல்லவே இல்லை" என்று ஒருவர் எதிர்மனுப் போட்டபோது, எங்கள் கையில் இருந்த ஒரே ஆதாரம் அப்படி வந்த ஒரு சலான்தான். அது போதுமானதாக இருந்தது.

சான்றிதழுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் ஒரு எச்சரிக்கை. "தொலைந்துவிட்டது" என்று புகார் கொடுத்து நகல் வாங்கிவிடலாம் என்று தோன்றும். தொலையவில்லை, அவரிடம் இருக்கிறது என்று உங்கள் வாட்ஸப்பே சொல்கிறது. பொய்ப் புகார் ஒருபக்கம் குற்றம், மறுபக்கம் நகை வழக்கில் அவர் வக்கீல் அதைத் தூக்கிக் காட்டி "இவர் சொல்வது எதையும் நம்பாதீர்கள்" என்பார். உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுங்கள். பாஸ்போர்ட் சட்டப்படி மத்திய அரசின் சொத்து, அதைப் பிணையாக வைத்துக்கொள்ள அவருக்கு எந்த உரிமையும் இல்லை. நோட்டீஸில் இந்த ஒரு வரி நன்றாக வேலை செய்யும். வேலைக்கு அவசரம் என்றால் டிஜிலாக்கரில் கிடைப்பதை எடுத்துச் சமாளியுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத பொருள்களும் இருக்கின்றன. அவர் ஃபோனில் உங்கள் கூகுள் கணக்கு திறந்திருக்கிறதா, உங்கள் சிம் அவரிடம் இருக்கிறதா, யு.பி.ஐ. பின் அவருக்குத் தெரியுமா என்று இன்றிரவே பாருங்கள். நோட்டீஸ் போவதற்கு முன் இவற்றை மாற்றிவிட வேண்டும்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதற்கே பயந்து பின்வாங்குகிறார்கள். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களில் தமிழர்கள் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுத உரிமை தருகிறது. கொழிஞ்சாம்பாறையில் தமிழ் பேசாத அலுவலகமே கிடையாது. ஆனால் உங்கள் வாக்குமூலத்தை மலையாளத்தில் எழுதினால் வரிவரியாகப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். புரியாத தாளில் கையெழுத்து வேண்டாம்.

அவர் கொடுக்கச் சம்மதித்துவிட்டால், அதுவும் நடக்கும், இடத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள். அவர் வீடு வேண்டாம். கேரளத்தில் கிராமப் பஞ்சாயத்துகளில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான ஜாக்ரதா சமிதி இருக்கிறது, வார்டு மெம்பர் வழியாக அவர்கள் முன்னிலையில் வாங்கிக்கொள்ளலாம். சித்தூர் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்து அங்கேயே பேசி முடித்தால் இன்னும் நல்லது. அது லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) தீர்வாகப் பதிவானால் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. இரண்டு பேரை உடன் அழைத்துப் போங்கள், அதில் ஒருவர் இருவருக்கும் பொதுவானவராக இருக்கட்டும். அண்ணனுக்குக் கோபம் அடங்கவில்லை என்றால் அவர் வண்டியில் இருக்கட்டும். உங்களோடு வாழ்ந்தவருடைய பொருள் ஏதாவது உங்களிடம் இருந்தால் அதையும் கொண்டுபோய் அன்றே கொடுத்துவிடுங்கள்.

பட்டியலை இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். வந்ததற்கு நேரே டிக், வராததற்கு நேரே "பாக்கி" என்று எழுதி, இருவரும் சாட்சிகளும் கையெழுத்து. "எல்லாம் தீர்ந்தது" என்ற வரியை ஒன்றாவது பாக்கி இருக்கும்வரை எழுதாதீர்கள். செயினை அங்கேயே, அவர் எதிரிலேயே எடை போட்டுப் பார்க்க ஒரு சின்னத் தராசு கொண்டுபோவதில் வெட்கம் இல்லை. சான்றிதழ் கவரை வண்டியில் ஏறும் முன் பிரித்து, பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டிலிருந்து கன்வொகேஷன் வரை ஒவ்வொரு தாளாகத் தொட்டு எண்ணுங்கள். எண்ணி முடிக்கும்வரை அவரும் சாட்சிகளும் அங்கேயே நிற்கட்டும்.